சட்டையில் வந்த ஈயம்

பெருங்களத்தூரில், பழைய இன்வர்ட்டர் பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடுகளை உருவும் பட்டறை ஒன்றில் ஒன்பது வருடம் வேலை பார்த்தேன். சாயங்காலம் கையை மட்டும் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுக் கிளம்புவேன். அதற்கே பெரிய சுத்தக்காரன் என்று எனக்கு நினைப்பு.

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டதும் மகள் செருப்புகூடப் போடாமல் ஓடி வருவாள். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைத்துக் கோயில் வரை ஒரு ரவுண்டு போய் வந்தால்தான் வீட்டுக்குள் விடுவாள். எங்கள் தெருவில் எல்லா அப்பன்களும் செய்கிற காரியம்தான். வழி முழுக்க என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டே வருவாள். அந்தச் சட்டையெல்லாம் ஈயப் பொடி என்று எனக்கு உறைக்கவே இல்லை.

அவளுக்கு நான்கு வயதானபோது முதலில் கவனித்தது என் மனைவி. அவள் நர்சரிப் பள்ளி டீச்சர். "நேத்து சொல்லிக் குடுத்த கலர் இன்னிக்கு அவளுக்கு ஞாபகம் இல்லீங்க. என் கிளாஸ்ல அவளைவிடச் சின்னப் பசங்க கடகடன்னு சொல்றாங்க" என்றாள். "டீச்சர் பொண்ணு மக்குன்னு சொல்லிடுவாங்கன்னு பயமா?" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

குரோம்பேட்டையில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்றார். சொன்னேன். உடனே ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். ரத்தத்தில் ஈயம் இருந்தது. உள்ளே போவது நின்றால் அளவு குறையும், மூளைக்கு ஆனது எவ்வளவு சரியாகும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். நான்தான் அந்த வேலி.

பட்டறை முதலாளியிடம் சொன்னேன். "நானும் இத்தினி வருசமா இதுலதான் கீறேன், எனக்கு இன்னா ஆச்சு? டாக்டருங்க சும்மா பேஜார் பண்ணுவாங்க" என்றார். வேறு வேலை கிடைக்கும்வரை அங்கேதான் போயாக வேண்டும். குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மனைவியிடம் கெஞ்சினேன். "அதுவரைக்கும் நீங்க தனியாவே இருங்க. எனக்குத் தைரியம் இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஓர் அறையில் இரண்டு மாதம் கிடந்தேன். பேச ஆள் இல்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இன்றைக்கு அவள் எதை மறந்தாளோ என்று உட்கார்ந்திருப்பேன். போன் செய்து கேட்கப் பயம்.

சிறுசேரியில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. பழைய துணிகளைப் பட்டறையிலேயே போட்டுவிட்டு, தலைக்குக் குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மகள் வாசலுக்கு ஓடி வந்தாள். இரண்டடி தள்ளி நின்று, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அப்பா குளிச்சிட்டேன்மா, வா."

"அப்பாவைத் தொட்டா எல்லாம் மறந்துபோயிடும்" என்றாள்.

என்னென்னவோ மறக்கிற பிள்ளை, இதை மட்டும் மறக்கவில்லை.