மயில் வரைந்த சுவர்

மராட்டியத்து ஏரவாடாவில், விமான நிலையத்துக்குப் போகும் சாலையை ஒட்டிய தகரக்கூரை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா கட்டட வேலைக்குப் போனார். நான் மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலையில் இருந்தேன். திரும்பும்போது, வீட்டை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, இரண்டு நிறுத்தம் முன்பே ஆபீஸ் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்துவிடுவேன்.

ஒரு வருடம் மழை முடிந்ததும், வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள் என்று எங்கள் வீடுகள் தெரியாதபடி சாலையோரம் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். அதில் கோட்டை, மயில், யோகா செய்யும் பெண் எல்லாம் வரைந்தார்கள். நாங்கள் போய்வர ஒரு சந்து விட்டிருந்தார்கள். உள்ளே சாக்கடை பழையபடியே ஓடியது.

"உங்க ஏரியா எவ்ளோ மாறிப்போச்சு," என்றாள் ஆபீஸ் பஸ்ஸில், நான் ஏரவாடா என்று மட்டும் தெரிந்த ஒரு தமிழ்ப்பெண். அதற்குப் பிறகு நான் சுவரருகிலேயே இறங்கினேன்.

அந்த மாதம் தாபோடியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஜாதகம் முன்பே பொருந்தியிருந்தது. "மயில் படத்துகிட்ட ரிக்‌ஷாவ நிறுத்தச் சொல்லுங்க, நான் அங்க நிக்கிறேன்," என்று அப்பா போனில் வழி சொன்னார்.

மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதும் சுவரைப் பார்த்து, "இடம் நல்லாத்தான் இருக்கு. ஏரவாடான்னதும் யோசிச்சோம்," என்றாராம். அப்பா சந்துக்குள் முன்னால் நடந்திருக்கிறார். ஒருவர் பின் ஒருவராகத்தான் வர முடியும். அந்த அம்மா பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு வருவதை நான் உள்ளிருந்து பார்த்தேன்.

காபி குடித்தார்கள். கேசரியைத் தொடவில்லை. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளை செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொல்லி அனுப்பறோம்," என்று எழுந்துகொண்டார்கள்.

மூன்றாம் நாள் தரகர் வந்து, ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம் என்றார்.

"மொதல்லயே பாத்தாங்களே," என்றாள் அம்மா, அவர் போனபிறகு.

"விடு," என்றார் அப்பா. "செவுரு இல்லன்னா ரோட்லயே பாத்துட்டுத் திரும்பியிருப்பாங்க. வீட்டுக்குள்ள வந்து உக்காந்திருக்க மாட்டாங்க."

அதை நல்லதென்று சொன்னாரா, கெட்டதென்று சொன்னாரா, தெரியவில்லை. அழுகை வரும் என்று வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. அம்மா அரிசியைக் களையச் சொன்னாள். எழுந்துபோய்க் களைந்தேன்.