மணல் மூட்டையும் இரண்டாவது கியரும்

மார்ச் 4, 1998 — 850
மார்ச் 19 — 1,200
ஏப்ரல் 7 — 640
ஏப்ரல் 22 — கூலி வாங்கவில்லை

ஒரே மோட்டார் சைக்கிளின் கியர் பெட்டியை என் சகலை நான்கு முறை பிரித்த தேதிகளும், அதற்கு வாங்கிய கூலியும் இவை. அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருடைய ஒர்க்‌ஷாப்புக்குக் கணக்கு எழுதிவந்தேன்.

பழைய வண்டிக்காரர்கள் அவரைப் பெட்டிக்காரர் என்பார்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, இடது கையால் பின் சக்கரத்தை மெல்ல உருட்டிக்கொண்டே வலது கையால் கியர் லீவரை அழுத்துவார். கண்கள் மூடியிருக்கும். "ஃபோர்க் வளைஞ்சிருக்கு" என்பார். பிரித்தால், உள்ளே கியரைத் தள்ளும் அந்தக் கவை வளைந்துதான் இருக்கும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பார். பின்னால் எடை இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல என்பது அவர் கட்சி. கல்யாணத்துக்கு முன்பு பின் சீட்டில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிக்கொள்வார். கல்யாணத்துக்குப் பிறகு என் கொழுந்தியாளை ஏற்றிக்கொண்டார். "தங்கச்சியக் கட்டிக்கொடுத்தோம்னு நெனச்சேன். மூட்டைக்கு பதிலா கொடுத்திருக்கோம்" என்று என் மனைவி சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனை வருடம் பின்னால் உட்கார்ந்ததில் வண்டியின் குறைகள் கொழுந்தியாளின் இடுப்புக்கும் முதுகுக்கும் பிடிபட ஆரம்பித்தன. கிளட்ச் முழுதாக விடுபடாததையும், செயின் தொய்ந்திருப்பதையும் இறங்கும்போதே சொல்லிவிடுவாள். அதுவரை சகலைக்கு அதில் பெருமைதான். கப்பல்காரர் வந்த பிறகுதான் வினை பிடித்தது.

கப்பல்காரர் என்பது கப்பல் எஞ்சினில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். அவருடைய வண்டிக்கு எங்கள் வயதில் பாதிக்கு மேல் இருக்கும். இரண்டாவது கியர் சில சமயம் தானாக நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடுகிறது என்று கொண்டுவந்தார். ஏப்ரல் கடைசி ஞாயிறு பழைய வண்டிகளின் நெடும்பயணம் ஒன்று இருந்தது. அதற்குள் சரியாக வேண்டும்.

சகலையும் கொழுந்தியாளும் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். வழியில் ஒரு தள்ளுவண்டி குறுக்கே வந்ததில் சகலை பதறி, கிளட்சைப் பிடிக்காமலே ஆக்சிலேட்டரை விட்டுவிட்டாராம். இறங்கியதும் அவள் சொன்னாள்: "ஏங்க, ஆக்சிலேட்டர விடும்போதுதான் நழுவுது. என்னை முன்னால தள்ளிக்கிட்டே இருந்த வண்டி, சட்டுன்னு தள்றத நிறுத்திடுச்சு."

"என் கால் பட்டிருக்கும்" என்றார் சகலை.

கப்பல்காரர் சிரித்தார். "மாஸ்டர், இனிமே சாவிய அம்மாகிட்டயே கொடுத்துடறேன்."

விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் அன்று சாயங்காலமே சகலை பரண்மேல் கிடந்த பழைய சாக்கை இறக்கி மணல் நிரப்பினார். மறுநாளிலிருந்து பின் சீட்டில் மூட்டை ஏறியது. கொழுந்தியாள் வீட்டிலேயே இருந்தாள்.

முதல் முறை ஸ்பிரிங்கை மாற்றினார். இரண்டாம் முறை ஃபோர்க், மூன்றாம் முறை தேய்ந்த புஷ் வளையம். ஒவ்வொரு முறையும் மூட்டையோடு ஓட்டிப் பார்ப்பார், நழுவாது. கப்பல்காரர் ஓட்டினால் நழுவும். காரணம் சகலையின் நல்ல பழக்கம். ஆக்சிலேட்டரைக் குறைக்கும் அதே நொடியில் அவர் கை கிளட்சையும் பிடித்துவிடும். மற்றவர்களைப் போல வெறுமனே விட்டு வண்டியை வேகம் தணிய வைக்க அவருக்குத் தெரியாது.

மூன்றாம் முறை வண்டி திரும்பி வந்தபோது கப்பல்காரர் கோபப்படவில்லை. "அம்மா என்ன சொல்றாங்க?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்று சகலை என் வீட்டுக்கு வந்தார்.

"அண்ணே, அவ உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா?"

"சொன்னா. நான் சொல்ல மாட்டேன்."

"நீங்களுமா?"

"ஒரே வீட்டுல இருக்கீங்க, ஒரே குழம்ப ஊத்திச் சாப்பிடறீங்க. கேக்கறதுக்கு என்னப்பா?"

அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

ஏப்ரல் 22 காலை நான் ஒர்க்‌ஷாப்புக்குப் போனபோது பெட்டி பிரிந்து கிடந்தது. கொழுந்தியாள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எப்படிக் கேட்டார், கேட்டாரா என்பது எனக்குத் தெரியாது. பல்சக்கரத்தின் பக்கவாட்டில் துருத்தி நிற்கும் முட்டுகளை அவள் நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் நகம் நிக்குது. அந்தப் பக்கம் வழுக்குது பாருங்க."

எஞ்சின் சக்கரத்தை இழுக்கும்போது முட்டின் ஒரு முகம் தாங்கும். ஆக்சிலேட்டரை விட்டால் மறு முகம். அந்த மறு முகம் தேய்ந்து உருண்டிருந்தது. சகலை மூன்று முறையும் இழுக்கும் முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறார். பழைய சாமான் பெட்டியைக் கிளறி வேறு ஒரு ஜோடிச் சக்கரம் எடுத்துப் பொருத்தினார்.

கப்பல்காரர் பயணத்தை முடித்தார். அதோடு நிற்காமல், அடுத்த ஊரில் பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் நண்பரிடம் கொழுந்தியாளைப் பற்றிச் சொல்லிவிட்டார். மே மாதம் அங்கிருந்து அவள் பெயருக்குக் கடிதம் வந்தது: வண்டிகளைச் சோதித்துக் குறை சொல்ல ஆள் வேண்டும், வர முடியுமா? அவள் வருகிறேன் என்று எழுதினாள். என்ன சம்பளம் வேண்டும் என்று கேட்டு அடுத்த கடிதம் வந்தது. அதற்கும் எழுதினாள்.

சகலை வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் சரியில்லை என்றார். தனக்குத் தலைவலி என்றார். "அங்க பெட்டியத் தொடைக்காமலே மூடுவானுங்க" என்றார்.

"மூடினா நான் தொறக்கச் சொல்றேன்" என்றாள் அவள்.

ஒரு நாள் கடையில் என்னிடம் மெல்லச் சொன்னார்: "அண்ணே, அவ போறதப் பத்தி இல்ல. அங்க இருக்கறவன் அவ சொன்ன உடனே கேப்பான். நான் மூணு தடவ பிரிச்ச அப்புறம்தான் கேட்டேன். அவன் மொதல் தடவையே கேப்பான்."

நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன்.

வேலையில் சேர வேண்டிய நாளைக் குறித்த கடைசிக் கடிதம் கடை விலாசத்துக்கு வந்தது. தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சகலைதான். உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மேஜையில் வைத்தார், மறுபடி எடுத்தார். பிறகு கையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போய், ஒட்டியது ஒட்டியபடியே அவளிடம் கொடுத்தார். நானும் கூடப் போயிருந்தேன். அவள் பிரித்துப் படிக்கும்வரை வாசலிலேயே நின்றார். "என்ன தேதி?" என்று கேட்டார். அவள் சொன்னாள். "பஸ்ஸுக்கு நான் விசாரிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே கடைக்குத் திரும்பினார்.

அந்தக் கடிதம் வந்தது ஜூலை 9, 1998, வியாழக்கிழமை.