வெட்டம் உண்டு, சூடு இல்ல

ராபின்சன் மாமா தொட்ட பொருள் எதுவும் முழுதாகச் சாவதில்லை; முழுதாகப் பிழைப்பதும் இல்லை. கொல்லயில் கிராமத்தில் அவர் வீட்டு மிக்ஸியின் மூடியை ஒரு ஆள் அமுக்கிப் பிடிக்க வேண்டும். மின்விசிறியைக் குச்சியால் தள்ளிவிட வேண்டும். எல்லாவற்றிலும் ஒரு துண்டு செம்புக் கம்பி சுற்றியிருக்கும். இருபத்தெட்டு வருடம் அம்பூரி தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டி, முட்டி தேய்ந்து வீட்டோடு வந்த பிறகு அவருக்கு இதுதான் வேலை.

கோழிக்கூட்டின் கொண்டி உடைந்தபோதும் கம்பிதான் சுற்றினார். "இனி ஆனை வந்தாலும் தொறக்காது, கேட்டியா?"

மூன்றாம் நாள் விடியும்போது தெருநாய்கள் திறந்துவிட்டன. சுகிர்தபாய் மாமியின் எட்டுக் கோழியும் சேவலும் போயின. கழுத்தில் தூவல் இல்லாத இனம். கல்யாணமாகி வந்த வருடம் காஞ்சிரங்குளத்திலிருந்து இரண்டு குஞ்சாகக் கொண்டுவந்து மாமி பெருக்கியது. மிஞ்சியது, அடைவைக்க எடுத்து வைத்திருந்த இருபத்திரண்டு முட்டை.

அன்றிலிருந்து மாமி மாமாவிடம் பேசவில்லை. அடுத்த வீட்டுக்காரனான என் வழியாகத்தான் பேச்சு. "சானு, அவருகிட்ட சொல்லு, கஞ்சி ஆறுதுண்ணு." மாமா மூன்றடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். நான் மாமியின் குரலிலேயே, அந்த மூக்குச் சுழிப்போடு சொல்வேன். முன்பென்றால் மாமி விளக்குமாற்றைத் தூக்கியிருப்பார். இப்போது அதுவும் இல்லை.

மாமா ஆன்லைனில் மலிவாக ஒரு குஞ்சு பொரிக்கும் பெட்டி வாங்கினார். தெர்மோகோல் பெட்டி, உள்ளே ஒரு குண்டு பல்பு, வெளியே சூடு காட்டும் சின்னத் திரை. இருபத்திரண்டு முட்டையையும் அதில் அடுக்கினார்.

"சானு, அவள்ட்ட சொல்லு. இருபத்தோராம் நாளு குஞ்சு அவ கையில இருக்கும். இல்லண்ணா நான் ராபின்சன் இல்ல."

பத்தொன்பதாம் நாள் காலை, கொட்டும் மழையில், பல்பு செத்தது.

மாமா ஹோல்டரைக் கழற்றினார், சுரண்டினார், கம்பி சுற்றினார். முன்னறை எல்.இ.டி. பல்பைக் கழற்றி மாட்டினார். பெட்டி முழுக்க வெள்ளை வெளிச்சம்.

"கண்டியா மக்கா! ஆசுபத்திரி மாதிரி இருக்கு. அவள்ட்ட சொல்லு, செரியாச்சுண்ணு!"

மாமி வந்தார். பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தார்.

"சானு, அவருகிட்ட சொல்லு. வெட்டம் உண்டு, சூடு இல்ல."

திரையில் முப்பத்தேழு இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்துமூன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்திரண்டு.

மாமாவை பைக்கில் ஏற்றிக்கொண்டு பாறசாலைக்குப் பறந்தேன். முதல் கடையில் பிரதீஷ் சிரித்தான்.

"குண்டு பல்பா? மாமா ஏது காலத்துல இருக்கிய? எல்.இ.டி. தரட்டா? ரெண்டு வருஷம் வாரண்டி உண்டு."

"எனக்கு வாரண்டி வேண்டாம்லே, சூடு வேணும்!"

நான்கு கடை ஏறி இறங்கினோம். எங்கும் இல்லை. நெய்யாற்றின்கரை வரை போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். மாமா நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே இருந்தார்.

"அவ கோழிய நானாக்கும் கொன்னேன், மக்கா. இப்ப இதுகளையும்."

ஊரில் எல்லார் குரலையும் செய்து காட்டியிருக்கிறேன். மாமாவின் இந்தக் குரலை மட்டும் செய்ததில்லை.

திரும்பி வந்தபோது மாமி தரையில் இருந்தார். முட்டைகளைப் போர்வையில் பொதிந்து, இரண்டு பக்கமும் வெந்நீர்க் குப்பி வைத்து, வயிற்றோடு அணைத்திருந்தார். மாமா வாசலைத் தாண்டவில்லை.

"சானு, அவள்ட்ட சொல்லு... கிட்டல."

நான் வாய் திறக்குமுன் மாமி நேராக அவரைப் பார்த்தார்.

"கிறிஸ்மசுக்கு நட்சத்திரத்தைக் கரிச்ச பல்பு எங்க?"

மாமா அசையவில்லை. கேள்வி காதில் ஏறவில்லை, குரல் மட்டும்தான் ஏறியிருக்கிறது.

"உங்ககிட்டதான் மனுசா கேக்கியேன்! எறியச் சொன்னேனே, எறிஞ்சீங்களா?"

"எறியல்ல!"

அவர் எதைத்தான் எறிந்தார்? கட்டிலுக்கடியில் பாதி விழுந்து, பழைய பெட்டியொன்றை இழுத்தார். ஒரு பக்கம் கருகி ஓட்டை விழுந்த காகித நட்சத்திரம். அதற்குள் அறுபது வாட் குண்டு பல்பு.

மாட்டினார். மஞ்சளாக எரிந்தது. மாமி முட்டைகளைத் திரும்ப உள்ளே அடுக்க, திரை இருபத்தொன்பதிலிருந்து ஏறியது. முப்பத்துமூன்று. முப்பத்துநான்கு. திரைக்கு முன்னால் இரண்டு நரைத்த தலைகள் முட்டிக்கொள்ளாத குறை. முப்பத்தேழு வந்ததும் மாமி எழுந்து உள்ளே போனார். மறுபடி ஒரு வார்த்தை இல்லை.

இருபத்தோராம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. மாமா சாப்பிடாமல் பெட்டியருகிலேயே கிடந்தார். இருபத்திரண்டாம் நாள் மாலை ஒரு முட்டையில் கீறல். மறுநாள் காலைக்குள் ஏழு குஞ்சு. அதில் ஐந்துக்குக் கழுத்து மொட்டை. மீதிப் பதினைந்தும் அசையவே இல்லை.

மாமி ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தார். பிறகு கூடையில் அடுக்கி மாமா முன்னால் வைத்தார்.

"தெங்குக்கு அடியில குழி தோண்டுங்க. ஆழமா தோண்டணும், பட்டி மாந்தி எடுக்காம; நாய்க்குக் குடுத்தது போதும். பின்ன, கூட்டுக்குக் கதவு போட ஆசாரி வாறான். கம்பியும் கொண்டு நீங்க அந்தப் பக்கம் போவப்படாது."

மாமா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

"எலே சானு, எங்கிட்டயாக்கும் சொன்னா. கேட்டியா?"

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதன் பிடியிலும் செம்புக் கம்பி சுற்றியிருந்தது.