பேர் சொல்லக் கூடாத பட்டணம்

பகலில் திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்பில் ஆட்டுத்தோல் உலர்த்துகிற சனாவுல்லாவுக்குச் சாயங்காலம் ஆனால் வேறு பவிசு. தோல் கட்டுகளோடு லாரியில் மதராஸ் போய்வந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட சினிமாப் பைத்தியம் அது. அகரம் டெண்ட் கொட்டகையில் இங்கிலீஷ் படம் போட்டால், மைக்கைப் பிடித்துத் தமிழில் கதை சொல்கிறவர் அவர்தான். இங்கிலீஷ் தெரியுமா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். புரியாத இடத்தில்தான் மனுஷன் இன்னும் பிரமாதமாகச் சொல்வார்.

அறுபத்திரண்டில் ஒரு படம் வந்தது. வருங்காலத்துப் பட்டணம், அதை ஆள ஒரு சர்வாதிகாரி. அங்கே யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் இரும்புத் தொப்பி போலீஸ் பறந்து வந்து சுடும்.

"இன்னைக்குக் கூட்டம் ரகளை பண்ணுச்சுன்னா, இங்கிலீஷ் படமும் வேணாம், ஒங்க மைக்கும் வேணாம் பாய்" என்று கொட்டகை முதலாளி கருப்புசாமி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மைக் போனால் சனாவுல்லாவுக்கு உசிரே போன மாதிரி.

படத்தில் நாயகனும் நாயகியும் ஒரே அறையில் ஒளிந்திருந்தார்கள். கல்யாணமாகாத ஜோடி என்றால் பெண்கள் முகம் சுளித்து எழுந்துபோய்விடுவார்கள் அல்லவா? முதல் ரீலிலேயே சனாவுல்லா இருவருக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டார்.

துப்பாக்கிச் சண்டை என்ன, துரத்தல் என்ன, கண்ணாடி மாடியிலிருந்து குதிப்பதென்ன! விசில் சத்தத்தில் கொட்டகை ஆடியது. கடைசியில் நாயகன் பிடிபட்டான். சுடுவதற்காக அவனை நிறுத்தியபோது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்த நாயகி தொண்டை கிழியக் கத்தினாள். "ஜான்!"

பெண்கள் பக்கம் பற்றிக்கொண்டது.

"கட்டுன புருசன் பேரச் சொல்றாளே, இவல்லாம் ஒரு பொம்பளையா?" என்று மூக்காயி மணலை அள்ளித் திரையில் எறிந்தாள். இன்னும் நாலு பேர் அள்ளினார்கள். கருப்புசாமி மைக்கைப் பிடுங்க ஓடிவந்தார்.

தான் செய்துவைத்த கல்யாணம் தன் தலையிலேயே விடிந்ததே! சனாவுல்லா மைக்கை இறுக்கிக்கொண்டு கத்தினார்.

"ஆத்தா, செத்த நேரம் பொறுங்க! நம்மூர்ல புருசன் பேரச் சொல்லாதது மருவாத. அங்க மனுசனுக்குப் பேரே இருக்கக் கூடாதுங்கிறது சட்டம்! இப்ப அவ சொல்லாம விட்டா, அவன் வெறும் நம்பராத்தான் சாவான்!"

அள்ளிய கைகள் அப்படியே நின்றன. திரையில் ஜனங்கள் ஒவ்வொருவராகத் தங்கள் சொந்தக்காரர் பேரைச் சொல்லத் தொடங்கினார்கள்.

"ஒச்சப்பன்!" என்றாள் மூக்காயி திடீரென்று. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் புருஷன் வாயிலிருந்த பீடி கீழே விழுந்தது. கொட்டகையே சிரித்தது. அடுத்து இன்னொருத்தி, அவளுக்கு அடுத்து இன்னொருத்தி. திரையில் அத்தனை பேரையும் சுட முடியாமல் போலீஸ் ஓட ஓட, பெண்கள் பக்கத்திலிருந்து பேர்கள் கிளம்பிக்கொண்டே இருந்தன. கருப்புசாமி வந்த காரியத்தை மறந்து கைதட்டினார்.

அப்போதுதான் சனாவுல்லாவின் மனைவி காதர் பீவி முக்காட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கல்யாணமான நாளிலிருந்து "இந்தாங்க" என்பதற்கு மேல் கூப்பிட்டறியாதவள்.

"சனாவுல்லா!"

மனுஷனுக்குச் சந்தோஷத்தில் நாக்கே புரளவில்லை. மிச்சப் படம் முழுக்க இங்கிலீஷிலேயே ஓடியது.