நைனா தரம் பிரித்த நாய்க்குட்டி

எங்கள் நைனா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் தரம் பிரிக்கிற வேலையில் இருந்தார். பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "ஃபர்ஸ்ட்", "செகண்ட்", "தேர்டு" என்று சொல்லித் தள்ளிவிட வேண்டும். நாளெல்லாம் இதையே செய்த விரல் வீட்டுக்கு வந்தும் சும்மா இருக்காது. கத்தரிக்காயைத் தடவும், தீபாவளித் துணியைத் தடவும், கல்யாண வீட்டில் வாழை இலையைத் தடவும். நான் பிறந்தபோது என் கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டு "செகண்ட்" என்றாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். இப்போது கண்ணாடியைப் பார்த்தால், பெற்ற பாசத்தில் ஒரு படி ஏற்றித்தான் சொல்லியிருக்கிறார் என்று தெரிகிறது.

நயாபைசா வந்த புதிது. நான் நாலாம் கிளாஸ். என் பெஞ்சில் உட்காருகிறவள் ஒருநாள், பெங்களூரில் அவள் மாமா வீட்டு நாயைப் பற்றி அளந்துகொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல், எங்கள் வீட்டில் அல்சேஷனே இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பேர் டைகர். திருடனைக் கடித்திருக்கிறது. எந்தக் கால் என்று கேட்டாள். இடது கால் என்றேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நாலு பேர் பார்க்க வருவதாக முடிவானது. எல்லாம் தயார், நாய் மட்டும்தான் இல்லை.

எங்கள் ஊரில் கம்பெனிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்று சாயங்காலம் நைனாவை பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துப் போனேன். அங்கே ஒருத்தன் கூடையில் குட்டிகளை வைத்துக்கொண்டு விற்பான்.

"கோலார் தங்கவயல் துரை பங்களா குட்டிங்க சார். அப்பன் அசல் அல்சேஷன்."

நைனா கூடைக்குமுன் உட்கார்ந்தார். விரல் வேலையை ஆரம்பித்தது. ஓடியாடிய குட்டிகளை ஒதுக்கிவிட்டு, மூலையில் சுருண்டு கிடந்த ஒன்றை எடுத்தார். இருந்ததிலேயே சின்னது. அப்போதுதான் கண் திறந்திருந்தது. தோல் வியாபாரத்தில் எவ்வளவு இளசோ அவ்வளவு உசத்தி. பெரிய மாட்டுத் தோலைவிடக் கன்றுத் தோலுக்குத்தான் மவுசு.

"இன்னா மெதுவு பாரு. ஒரு வடு இல்ல. இதான் ஃபர்ஸ்ட்."

விற்கிறவன் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "சாருக்குக் கண்ணுன்னா கண்ணு!" என்று சொல்லிக் காசை வாங்கி மடியில் கட்டிக்கொண்டான்.

வீட்டில் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னா இது, பெருச்சாளியா?"

"அல்சேஷன்மா."

"உன் அல்சேஷனுக்கு நிக்க வரலையேடி."

நிற்க வரவில்லைதான். திருடனின் இடது காலைப் பிடித்த டைகர் தட்டிலிருந்த பாலைப் பார்த்து அழுதது. நக்கத் தெரியவில்லை. நான் பால்சோறு பிசைந்து வாயில் திணித்தேன். ராத்திரியெல்லாம் அதற்கு வயிற்றால் போனது. சனிக்கிழமை மதியத்துக்குமேல் அழுவதையும் நிறுத்திவிட்டது. நல்ல பிள்ளையாகிவிட்டது என்று நான் அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கிற அம்மாவை நாங்கள் காலா என்று கூப்பிடுவோம். அவர்கள் உருதுவில் சித்தி என்று அர்த்தம். காலா நாயைத் தொடமாட்டார்கள். அன்று சாயங்காலம் மதில்மேல் ஆட்டுப்பால் கிண்ணத்தையும் ஒரு துணித்திரியையும் வைத்தார்கள்.

"திரியை முக்கி வாயில வை. என்கிட்ட கொண்டாராதே, அங்கியே வை" என்றவர்கள், நைனா பக்கம் திரும்பினார்கள். "பாய், இதோட அம்மாவைப் பாத்தீங்களா?"

"அது கோலார்ல இருக்குதும்மா. துரை பங்களாவுல."

"அரே, பஸ் ஸ்டாண்டுல கூடை வச்சிருக்கிறவன்தானே, அவன் மாதனூர்க்காரன். சந்தைக்குப் போறப்ப பாத்திருக்கேன், ரோட்டோரமா கொட்டாய் போட்டிருக்கான். நான் ஒரு ஆட்டுக்குட்டி வாங்கப் போனாகூட, முதல்ல தாயோட மடியைப் பாப்பேன். நீங்க தோலைத் தடவிட்டு வந்துட்டீங்களே!"

நைனா டைகரின் முதுகுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி விட்டார். தூக்கின மடிப்பு தூக்கினபடியே நின்றது. மறுபடி கிள்ளினார். மறுபடியும் அப்படியே நின்றது.

"ஈரம் போயிடுச்சு" என்றார். "காலையில இதோட தாய்கிட்ட சேக்கலைன்னா தங்காது."

ஜுரம் வந்தாலும் வேலைக்குப் போகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை லீவு சொல்லி அனுப்பிவிட்டு முதல் பஸ்ஸில் என்னை ஏற்றினார். என் மடியில் துண்டு, துண்டுக்குள் டைகர். மாதனூர் வரைக்கும் நைனாவின் விரல் அதன் முதுகை விட்டு எடுபடவில்லை.

கொட்டகை ரோட்டிலிருந்தே தெரிந்தது. நான் ஆம்பூரில் பிறந்தவள். தோல் ஊறுகிற நாற்றத்தில் இட்லி தின்று வளர்ந்த மூக்கு என்னுடையது. அந்த மூக்கையே அங்கே பொத்திக்கொண்டேன். வரிசையாக முளை அடித்து, முளைக்கு ஒன்றாகப் பொட்டை நாய்களைக் கட்டியிருந்தான். உட்காரலாம், படுக்கலாம், திரும்பிக்கொள்ள முடியாது, கயிறு அவ்வளவுதான். எல்லாம் நம் தெருவில் திரிகிற மாதிரி நாய்கள்.

"அட, சாரா? வாங்க வாங்க" என்றான் அவன், விருந்தாளி வந்த மாதிரி.

"துரை பங்களா எங்கேப்பா?" என்றார் நைனா.

வாசலில் பல்லில்லாத ஒரு கிழட்டு அல்சேஷன் படுத்திருந்தது. "அதோ அப்பன். கோலார்தான் சார், நான் பொய் பேசல."

"இதுக்குத் தாய் எது?"

அவன் தலையைச் சொறிந்தான். முதல் நாயிடம் குட்டியை நீட்டினான், உறுமியது. இரண்டாவது முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் கடைசி முளையிலிருந்த செவலை நாய், கயிறு கழுத்தை அறுக்கிற அளவுக்கு இழுத்துக்கொண்டு முனகியது. நைனா டைகரை வாங்கி அதன் வயிற்றடியில் வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு டைகரின் வால் ஒரு துளி அசைந்தது. குடிக்க ஆரம்பித்துவிட்டது.

நைனா குந்தி உட்கார்ந்து, அந்தச் செவலையின் முதுகில் விரலை ஓட்டினார். எலும்பெல்லாம் விரலில் தட்டியது. கழுத்தில் கயிறு புண்ணாக்கியிருந்தது. ஃபர்ஸ்ட்டா, செகண்டா, தேர்டா என்று நான் காத்திருந்தேன். அவர் விரலை எடுத்து மடக்கிக்கொண்டார்.

"அதை உட்டுட்டு வேற எடுத்துக்குங்க சார்" என்று அவன் கூடையைத் திறந்தான். அதில் ஒரு கொழுத்த குட்டி, காது பாதி நின்றிருந்தது. திங்கட்கிழமைக்குப் பொருத்தமான நாய்!

"நைனா, இது! இதை எடு! அதை இங்கியே உட்டுடலாம்" என்று குதித்தேன். ராத்திரி முழுக்கத் திரி பிடித்துப் பால் கொடுத்தவள், ஒரு நொடியில் டைகரை மறந்துவிட்டேன்.

"வேணாம். அம்மாவும் பிள்ளையும் சேத்துக் குடு" என்றார் நைனா.

அவன் சிரித்தான். "அம்மாவா? ஈன்னு ஈன்னு ஓய்ஞ்சது சார் அது. அதை வச்சுக்கினு இன்னா பண்ணுவீங்க?" ஆனாலும் ஒரு விலை சொன்னான். நைனா பேரம் பேசாமல் கொடுத்தார். கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுகிறவர்.

பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆம்பூர் வரைக்கும் நடை. செவலை நாலடிக்கு ஒருமுறை நின்று, நைனாவின் கையிலிருந்த துண்டை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நடந்தது. அல்சேஷன் கேட்டவளுக்குச் சொறிநாய் வாங்கிக் கொடுத்த அப்பாவோடு நான் வழி நெடுகப் பேசவில்லை. பாதி தூரம் அவர் தோளில்தான் வந்தேன். அங்கிருந்தும் பேசவில்லை.

டைகர் பிழைத்தது. பள்ளிக்கூடத்தில், அல்சேஷனைக் கோலாருக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன். "இதான் தாயா?" என்று காலா மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பார்த்துவிட்டு, தினம் ஒரு கிண்ணம் மோர் வைத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக வேலூருக்கு பஸ்ஸில் போனோம். மாதனூர் வந்ததும் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கொட்டகை அப்படியே இருந்தது. செவலை இருந்த கடைசி முளையில், இளசாக, பளபளவென்று ஒரு வெள்ளை நாயைக் கட்டியிருந்தான்.

"நைனா, நைனா! நம்ம செவலை இடத்துல புதுசா ஒண்ணு வாங்கிட்டான். நீ குடுத்த காசுலதான் வாங்கியிருப்பான்!" என்று கைகொட்டிச் சொன்னேன். நம்மால் ஒருத்தன் பிழைத்துப்போனான் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

நைனா எழுந்துபோய், கொட்டகை தெரியாத எதிர்ப்பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கம்தான் சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நிழலில் காற்றோட்டமான இடத்தை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருகிறாரே, விவரம் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, ஜன்னலோரம் முழுவதையும் எனக்கே வைத்துக்கொண்டேன்.