யாருடைய கை நடுங்கியது

கையைத் தூக்கினால் சட்டை இடுப்புக்கு மேலே போய்விடுமோ என்பதுதான் எனக்கு முதல் பயம். வெடிப் பயம் அதற்குப் பிறகு. மகள் வளர்ந்துவிட்ட வயதில் காற்சட்டை போட்டுக்கொண்டு, விடியற்காலையில் இளம் பெண்களோடு நின்று குதித்தேன் என்பதை இப்போது என்னாலேயே நம்ப முடியவில்லை.

சண்டை முடிந்த காணிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை. தர்மபுரத்தில் இருந்து வாகனத்தில் போய் இறங்கியதும், லீடர் பிள்ளை எங்களை வரிசையாக நிறுத்தி உடற்பயிற்சி செய்ய வைப்பார். என் மகளின் வயதுப் பெண்தான் அவர். "பயம் காலுக்கு இறங்கட்டும் அன்ரி, கையில நிக்கக்கூடாது" என்பார். நான் குனிந்த தலையோடு கையை வீசுவேன். "அன்ரி, காகம் கலைக்கிறியளோ?" என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அந்த வெட்கத்தில், வேலைக்கு வரமுதல் வீட்டிலேயே குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒருதரம் செய்து பழகுவேன். பயம் குறைந்ததா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நெஞ்சு அடிப்பது பயத்திலா, குதித்ததிலா என்று பிரித்து அறிய முடியாமல் போனது. பயத்துக்குக் குணமாவது என்பது அதுதானோ என்னவோ.

பயிற்சி முடிய, லீடர் பிள்ளை ஒவ்வொருவர் கையையும் தன் கையில் வாங்கிப் பார்ப்பார். நடுங்கினால் அன்றைக்கு உள்ளே விடமாட்டார். கொப்பியில் பெயர் ஏறும். என் பெயர் இரண்டுதரம் ஏறிவிட்டது. மூன்றாம் தரம் ஏறினால் வேலை இல்லை. கட்டின மனிதரும் இல்லை, மகள் சுகமில்லாதவள். அஞ்சாம் வகுப்புப் படித்த எனக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

ஒருநாள் பக்கத்துக் காணியில் வெடித்து, அங்கே வேலை செய்த ஒரு பிள்ளைக்குக் காயம். மறுநாள் காலை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வழமையைவிடக் கூடக் குதித்தேன். பிறகு இரண்டு கையையும் நீட்டினேன். லீடர் பிள்ளை பிடித்தார். நடுங்கியது. இருவரும் குனிந்து பார்த்தோம். நாலு கையும் சேர்ந்து நடுங்குகிறது, எதில் தொடங்குகிறது என்று தெரியவில்லை. விட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவர் விடவில்லை.

"என்ர கைதான் அன்ரி" என்றார் மெல்ல.

கொப்பியில் தன் பெயரை எழுதினார். லீடர் இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்பதால் அன்று எல்லோரும் மரத்தடியில் இருந்தோம். கை நடுங்கும் லீடர் வேண்டாமென்று அடுத்த மாதமே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் இன்னும் மூன்று வருடம் வேலை செய்தேன். என்னுடைய கைதான் என்று அன்றைக்கு நான் வாய் திறந்திருக்கலாம். ஆனால் அது என்னுடைய கைதானா?

போன மாதம் மாங்குளத்தில் அவரைக் கண்டேன். சின்னத் தையல் கடை வைத்திருக்கிறார். "அன்ரி, இப்பவும் குதிக்கிறியளோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். இப்போது பயப்பட என்ன இருக்கிறது என்று தெரியாமலே விடிய எழும்பிக் கையை வீசுவதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நூலை ஊசியில் கோர்த்தார். ஒரே தரத்தில் போனது. நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டதும், ஊசியைத் துணியில் குத்திவிட்டு இரண்டு கையையும் மடியில் ஒளித்துக்கொண்டார்.