ஓய்வெடுக்கச் சொன்ன பிறகும் வேலைக்கு வந்தவர்

எங்கள் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவரை ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவோம். வளைத்துப் பேசத் தெரியாதவர் என்பதால் வைத்த பட்டம். வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒவ்வொருவரிடமும் போய், “எனக்கு ஆட்டிசம் இருக்கு. ஜாடையா சொன்னா புரியாது, நேரா சொல்லிடுங்க” என்றார். எல்லோரும் தலையாட்டினோம். அதோடு சரி. ஒன்பது வருடமாக யாரும் அவரிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை, கவுண்டரில் உட்காரும் நான் உட்பட.

இதற்கு முன் நாலு கடையில் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஏன் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவர் தேய்த்த லென்ஸ் ஒன்றுகூட எங்களிடம் திரும்பி வந்ததில்லை.

போன மாதம் முதலாளியின் சம்பந்தியம்மா வந்தார். வட்ட பிரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு, “எப்படி இருக்கு?” என்றார். “உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு” என்று முதலாளி வழிந்தார். பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்கேல், “நிக்காதும்மா. உங்க மூக்கு தட்டை. குனிஞ்சா விழுந்துடும்” என்றார். அந்த அம்மா குனிந்து பார்த்தார். விழுந்தது.

அன்று சாயங்காலம் முதலாளி அவரிடம், “ரொம்ப உழைச்சிட்டீங்க. கொஞ்ச நாள் வீட்ல ஓய்வு எடுங்களேன்” என்றார். எங்கள் கடையில் ஆளை நிறுத்துவது இப்படித்தான். “எனக்கு அசதியே இல்ல சார்” என்று சொல்லிவிட்டு, மறுநாள் ஒன்பது மணிக்கு டாணென்று வந்து நின்றார் ஸ்கேல். முதலாளி மெஷினின் பிளக்கைப் பிடுங்கி வைத்தார், இவர் திரும்பச் செருகிக்கொண்டார். நாற்காலியை எடுத்துவிட்டார், இவர் நின்றுகொண்டே தேய்த்தார். ஆள் வேலையில் இருக்கிறாரா இல்லையா என்று எங்களுக்கே தலை சுற்றியது.

ஆறாம் நாள் முதலாளி, “நீதாம்மா பக்குவமா எடுத்துச் சொல்லணும்” என்று என் தலையில் கட்டினார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஆனால் அந்த மனிதரை இன்னும் கோமாளியாக்க மனசு வரவில்லை. பின்னறைக்குப் போனேன்.

“தம்பி, முதலாளி உங்களை வேலையிலேர்ந்து நிறுத்திட்டாரு. ஓய்வு எடுங்கன்னு அவர் சொன்னது அதுக்குத்தான்.”

ஆயுசில் அவ்வளவு நேராக நான் பேசியதில்லை.

அவர் மெஷினை அணைத்தார். “அவர் அப்படிச் சொல்லலையே அக்கா. இருங்க, கேட்டுட்டு வரேன்.”

நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் போய் நின்று, “சார், என்னை வேலையிலேர்ந்து நிறுத்திட்டீங்களா?” என்று கேட்டார்.

முதலாளிக்கு முகம் வெளிறியது. “சேச்சே! யார் சொன்னது? நீங்க இல்லாம கடையா?” என்றார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அவர் வேலை தப்பியதே என்று சந்தோஷப்படுவதா, எங்கேயாவது போய் முட்டிக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. ஸ்கேல் என் எதிரில் வந்து நின்றார். கோபமே இல்லை, குழம்பிய முகம்தான்.

“ஏன் அக்கா எங்கிட்ட பொய் சொன்னீங்க?”

“பொய் இல்ல தம்பி. நிஜமாவே...”

“அவரே இல்லைன்னுட்டாரே.” கொஞ்சம் யோசித்தார். “பரவாயில்லக்கா. இனிமே நீங்க ஏதாவது சொன்னா, இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்கறேன்.”

சொன்னால் சொன்னபடி செய்கிறவர். மறுநாள், “மணி ஒண்ணாச்சு, சாப்பிடுங்க தம்பி” என்றேன். எழுந்து வெளியே போய், வாட்ச்மேனிடம் மணி கேட்டுவிட்டு வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்.